படகுப் பலகையில் வெட்டிய அக்ரிலிக்

முப்பது வயதில் ஓய்வு பெறுகிறேன் என்று சொன்னதும், வேலை கற்றுக்கொள்ள வந்த நீங்கள் மூன்று பேரும் சிரித்தீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். பதினொரு வருடம் ஒரே மேசை முன்னால் நின்று அக்ரிலிக் ஷீட் வெட்டியவளுக்கு அந்த உரிமை உண்டு. அடுத்த மாதம் நான் டிசைன் படிக்க வடக்கே கிளம்புகிறேன். மேசை, அரம், ஸ்டீல் ஸ்கேல், வாடகைக்கு எடுத்த இந்தப் புதுப்பட்டினத்து வீடு, கூடவே என் கூட்டாளி நசீமா, எல்லாம் இனி உங்களுடையவை. நசீமாவைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல மாட்டேன். அவளிடமிருந்து உங்களைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஷீட்டை எப்படிக் கீறுவது, எப்படி ஒடிப்பது, எப்படி ஒட்டுவது என்று நான் இங்கே எழுதப்போவதில்லை. அதெல்லாம் ஒரு வாரத்து வேலை. அவளே திட்டிக்கொண்டே சொல்லித் தந்துவிடுவாள். நேரம் கழுத்தைப் பிடிக்கும்போது கை என்ன செய்யும், தலை என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் சொல்ல நினைக்கிறேன். அதற்கு என்னிடம் ஒரு நாள் இருக்கிறது. பதினொரு வருடத்தில் ஒரே ஒரு நாள்.

அதற்கு முன்னால் என்னைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் அந்த நாள் புரியாது. நான் எதையும் யோசிப்பதற்கு முன்னால் ஆரம்பித்துவிடுகிற ரகம். பி.எஸ்ஸி. இரண்டாம் வருடம் படிக்கும்போது, அப்பாவுக்கு வேலையில் கொடுத்திருந்த குவார்ட்டர்ஸ் வீட்டின் பின்வராந்தாவில், பக்கத்து வீட்டு மாமாவிடம் கடன் வாங்கிய மின்ரம்பத்தை வைத்து என் முதல் ஷீட்டை அறுத்தேன். ரம்பம் முன்னால் போகப் போக, பின்னால் பிளாஸ்டிக் உருகி மறுபடி ஒட்டிக்கொண்டே வந்தது. இரண்டடி தூரம் அறுத்து முடித்துப் பெருமையாக நிமிர்ந்து பார்த்தால், ஷீட் முன்பு இருந்த மாதிரியே ஒரே ஷீட்டாக இருந்தது. நடுவில் ஒரு தழும்பு மட்டும் புதிது. அப்பா பேப்பரை விலக்கிப் பார்த்து, “வெட்டியாச்சாம்மா?” என்றார்.

அந்த ஷீட்டை விற்ற ஹார்டுவேர் கடைக்காரரின் மகள்தான் நசீமா. என் வயசு. தழும்பைத் தடவிப் பார்த்துவிட்டு, “அறுக்கக் கூடாதுடி இத. கீறி ஒடிக்கணும்” என்றாள். உடைந்த ஹேக்சா பிளேடு ஒன்றைக் கடையின் சாணைக்கல்லில் வைத்துக் கொக்கு மூக்கு மாதிரித் தீட்டிக் கொடுத்தாள். இன்றைக்கும் நாம் கட்டர் என்று சொல்வது அதைத்தான். அன்றிலிருந்து என் வேகத்துக்கும் அவள் நிதானத்துக்கும் நடுவில் இந்தத் தொழில் ஓடிக்கொண்டிருக்கிறது. டாக்டர் வீட்டுப் பெயர்ப்பலகை, மிட்டாய்க் கடைக் கவுன்ட்டர், கல்யாணப் பரிசுப் பெட்டி, பள்ளிக்கூடத்து அறிவியல் மாடல் என்று இந்தக் கடற்கரையோரம் நாங்கள் கீறாத வீடு இல்லை.

இப்போது அந்த நாள்.

ஈ.சி.ஆர். ரோட்டை அகலப்படுத்தி முடித்த சமயம். கடப்பாக்கத்திலிருந்து காசியம்மா என்று ஒருவர் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு பஸ்ஸில் வந்து கழி நண்டும் இறாலும் விற்பார். கடலில் பிடித்தது அல்ல, கழிமுகத்துத் தண்ணீரில் அவரே இறங்கிப் பிடிப்பது. அதனால் எங்கள் தெருவில் அவருக்குத் தனி மரியாதை. அன்று காலை எட்டு மணிக்கு வந்தவர் கையில் கூடை காலியாக இருந்தது. வராந்தாப் படியில் உட்கார்ந்தார்.

“இன்னா காசிக்கா, நண்டு இல்லியா?” என்றாள் நசீமா.

“நண்டு கெடக்குது வுடு. இன்ஜின் பூட்ச்சி பாப்பா.”

நடந்தது இது. அவர் புருஷன் ஏழுமலை பன்னிரண்டு வருடம் அடுத்தவர் படகில் வேலை பார்த்தவர். பெரும்பாலும் காசியம்மாவின் அண்ணன் கஜாவின் படகில். அந்த வருடம்தான் சொந்தமாக ஒரு ஃபைபர் படகும், பின்பக்கம் மாட்டுகிற இன்ஜினும் வாங்கியிருந்தார். முந்தின நாள் காலை, கழிமுகத்து மணல்மேட்டைத் தாண்டும்போது படகு தரையில் தட்டியிருக்கிறது. தட்டிய வேகத்தில் இன்ஜின் பிடியிலிருந்து கழன்று தண்ணீருக்குள் போய்விட்டது. படகோடு சேர்த்துக் கட்டும் காவல் கயிற்றை அன்றைக்கு அவர் கட்டவில்லை.

“முழுவிப் பாத்தாங்களா?” என்றேன்.

“நேத்து பூரா நாலு பேரு முழுவினாங்க. கால் பட்டா சேறு கெளம்புது, ஒண்ணும் தெரியல. கருங்குழி மெக்கானிக்கு இன்னா சொல்றான்னா, தண்ணிக்குள்ள கெடந்தா ரெண்டு மூணு நாளு தாங்கும், அதுக்குள்ள எடுத்துனு வாங்கறான். ஆனா ஒவ்வொரு தபா தண்ணி வத்தும்போதும் மண்ணு மூடிகினு போவுது. இன்னிக்கு வுட்டா அவ்ளோதான்.” காலிக் கூடையைத் தள்ளி வைத்தார். “மறுபடியும் எங்க அண்ணன் படகுலதான் ஏறணும். அவன் ஏத்திக்குவான். அதான் பேஜாரு. ஏத்திக்கினே பேசுவான்.”

எனக்குப் புரிந்தது. இது வெறும் இன்ஜின் விஷயம் அல்ல, ஒரு மனிதர் பன்னிரண்டு வருடம் கழித்து இறங்கிய படகில் மறுபடி ஏறுவதா வேண்டாமா என்பது.

“தண்ணி தெளிவா இருக்கற நேரம்னு ஒண்ணு உண்டா?”

“இன்னிக்கு உச்சிப் பொழுதுல கடல்தண்ணி முழுசா ஏறி நிக்கும் பாரு, அப்ப ஒரு மணி நேரம் தெளிஞ்சி இருக்கும். அப்பால வத்த ஆரம்பிச்சா கழிச்சேறு வந்துடும். ஆனா மேல இருந்து பாத்தா ஒரே பளபளா. அடி தெரியாது.”

அந்தப் பளபளப்புதான் பிரச்சனை என்று எனக்குச் சட்டென்று உறைத்தது. மேற்பரப்பின் அலையும் வெயிலும்தான் கண்ணை மறைக்கின்றன. அடியில் கண்ணாடி வைத்த ஒரு பெட்டியை ஒரு சாண் ஆழத்துக்குத் தண்ணீரில் அமுக்கிப் பிடித்து அதற்குள் முகத்தை வைத்துப் பார்த்தால், மேற்பரப்பு என்பதே இருக்காது. யாரும் முழுக வேண்டாம், சேறும் கிளம்பாது. வாயைத் திறந்து சொல்லியே விட்டேன்: “நீங்க அடுத்த பஸ்ஸுல போங்க காசிக்கா. உச்சிக்குள்ள நாங்க ஒரு பெட்டி செஞ்சு எடுத்துட்டு வரோம்.”

காசியம்மா போனதும் நசீமா என்னைப் பார்த்தாள். “உச்சிக்குள்ளயா. அதுல முக்கா மணி நேரம் வண்டி ஓட்டணும். கணக்குப் போட்டியா?”

போடவில்லை. வழக்கம்போல.

அவள் அத்தா கடையில் பெயின்ட் டப்பாக்கள் வந்த மரப்பெட்டி ஒன்று இருந்தது. ஓர் அடிக்கு ஓர் அடி, இரண்டடி உயரம். அடிப்பலகையைத் தட்டி எடுத்தோம். மூலைகளில் கூரை ஒழுகலுக்குப் பூசும் தாரைப் பூசினோம். கீழ் விளிம்பில் சைக்கிள் ட்யூபை வெட்டி வாஷர் மாதிரி ஒட்டினோம். மீதி இருந்தது ஜன்னல்தான். நாலு எம்.எம். தெளிவு ஷீட்டில் ஒரே ஒரு துண்டு கையில் இருந்தது, ஒரு டாக்டரின் பெயர்ப்பலகைக்காக வைத்திருந்தது. பதிமூன்று அங்குல அகலம், முப்பத்தோரு அங்குல நீளம்.

பதிமூன்று அங்குலத்தில் கோடு போட்டு ஸ்கேலை வைத்துக் கீறினேன். நசீமா எப்போதும் பதினைந்து தடவை கீறுவாள். எவ்வளவு அவசரமானாலும் பதினைந்து. நான் அன்று ஆறு. மேசை விளிம்பில் வைத்து அமுக்கினேன். கிட்டத்தட்ட முழுக்கக் கோட்டோடு போன ஒடிவு, கடைசி ஒரு அங்குலத்தில் கோட்டை விட்டு விலகி ஓடிவிட்டது. எனக்கு வேண்டிய துண்டில் ஒரு நாக்கு நீட்டிக்கொண்டு நின்றது. பிளையரை எடுத்து அந்த நாக்கைக் கடித்துக் கடித்து எடுத்தேன். விளிம்பில் அரிசியில் பாதி அளவுக்கு ஒரு வெட்டு விழுந்தது.

“அரம் போடுடி அதுல.”

“தண்ணிக்குள்ள இருக்கப்போவுது. யாரு பாக்கப்போறாங்க?”

“பாக்கறதுக்கா அரம் போடச் சொல்றேன்?”

“அஞ்சு நிமிஷம் ஆவும் நசீ. ஸ்க்ரூ வேற போடணும்.”

அவள் அரத்தைத் திரும்ப மேசையில் வைத்தாள். அவள் மௌனத்துக்கு என்ன அர்த்தம் என்று போகப் போக நீங்களே தெரிந்துகொள்வீர்கள். சுற்றிலும் எட்டு ஓட்டை போட்டு, எட்டு ஸ்க்ரூவைத் திருகு திருகு என்று திருகி ஷீட்டை இறுக்கினேன். எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு பலம் என்பது அன்றைய என் விஞ்ஞானம். புறப்படும்போது நசீமா மீந்த துண்டை எடுத்து, கீறல் விழாமல் இருக்க ஜன்னல் மேல் வைத்துத் துணியால் கட்டினாள். மேசையிலிருந்து கட்டரையும் ஸ்கேலையும் எடுத்துக் கைப்பைக்குள் போட்டாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. ஸ்கூட்டியை அவள் ஓட்ட, பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நான் பின்னால்.

கழிமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் ஏறி முடித்து நின்றிருந்தது. ஏழுமலையின் படகைப் பின்னால் கட்டிக்கொண்டு கஜாவின் படகு தயாராக இருந்தது; எல்லோருக்கும் அதில்தான் இடம். ஏழுமலை ஒல்லியான ஆள். பேசவே மாட்டார் போலிருந்தது. கஜா இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசினார்.

“இன்னா மேடம் இது, கோழிக் கூண்டா?”

“அடி பாக்கற பெட்டிங்க.”

“நான் முப்பது வருசமா இந்தக் கழியில கீறேன். அடி பாக்க எனுக்குப் பொட்டி வோணுமா? எங்க மச்சானுக்குக் கவுறு கட்டத் தெரியல, அதுக்குப் பொட்டி செஞ்சா ஆச்சா?”

“ண்ணா, வாயக் கொஞ்சம் மூடிகினு வண்டிய வுடு” என்றார் காசியம்மா. அவரும் ஏறியிருந்தார்.

எங்கே தேடுவது என்பதில் ஏழுமலைக்குக் குழப்பமே இல்லை. இன்ஜின் விழுந்த நொடியில் கரையைப் பார்த்து வைத்திருந்தார். பழைய கோட்டையின் சுவர் உடைந்த இடமும் ஒற்றைப் பனையும் படகிலிருந்து பார்க்க ஒரே நேராக நின்ற நேரம் அது. ஆனால் அது ஒரு கோடுதானே தவிர புள்ளி இல்லை. அந்தக் கோட்டில் மெதுவாக நகர்ந்துகொண்டே அடியைப் பார்த்தாக வேண்டும்.

படகோரத்தில் குப்புறப் படுத்துப் பெட்டியை அமுக்கினேன். முகத்தை உள்ளே வைத்தேன்.

அதை எப்படிச் சொல்வது. பளபளப்பு எல்லாம் போய், ஒன்றரை ஆள் ஆழத்தில் மணல் வரி வரியாக இருந்தது. ஒரு நண்டு பக்கவாட்டில் ஓடியது. கிழிந்த வலை, ஒரு செருப்பு, சிப்பிக் குவியல். “தெரியுது” என்று கத்தினேன். கஜாவே இன்ஜினை அணைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். ஏழுமலை என் பக்கத்தில் மண்டியிட்டு வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அவர் கை படகு விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டது.

எனக்குத் தலைகால் புரியவில்லை. இன்னும் ஆழமாக அமுக்கினால் இன்னும் நன்றாகத் தெரியுமோ என்று முழு உடம்பையும் வைத்து அழுத்தினேன். டப் என்று ஒரு சத்தம். நான் பிளையரால் கடித்த அந்த அரைப் பருக்கை வெட்டிலிருந்து ஒரு வெள்ளைக் கோடு கிளம்பி, பக்கத்து ஸ்க்ரூவுக்கு ஓடி, அங்கிருந்து மூலைக்கு ஓடியது. என் கண்ணெதிரே, முகத்துக்கு ஒன்றரை அடி கீழே. அடுத்த நொடி பெட்டி பூராவும் தண்ணீர்.

“ஆச்சா” என்றார் கஜா. “காலேஜ் படிச்ச பொட்டி பத்து நிமிசம் தாங்குச்சி. எங்க வூட்டு மண்சட்டி பத்து வருசமா கீது.”

ஏழுமலை அன்றைக்கு முதன்முதலாகப் பேசினார். “பரவால்ல மேடம். எங்களுக்காவ இவ்ளோ தூரம் வந்தீங்க. வெயிலு ஏறுது, கரைக்குப் போய்டலாம். மச்சான், வண்டிய எடு.”

கஜாவின் கிண்டல் எனக்கு உறைக்கவில்லை. இந்த மரியாதைதான் உறைத்தது. அவர் அதற்குள் மனசில் கஜாவின் படகில் மறுபடி வேலைக்கு ஏறிவிட்டார்.

நசீமா என்னைத் திட்டவில்லை. பெட்டியை மூடி வந்த துணியைப் பிரித்து, மீந்த துண்டை எடுத்து என் மடியில் வைத்தாள். காகிதம் உரிக்காத முழுத் துண்டு. பதிமூன்றுக்குப் பதினெட்டு. “தண்ணி இன்னும் எவ்ளோ நேரம் நிக்கும் காசிக்கா?” என்று கேட்டாள்.

“அரை மணி. அப்பால கலங்கிடும்.”

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். என் கை அப்போதே கட்டரைத் தேடிப் பைக்குள் போய்விட்டது. பெட்டி அளவுக்கு நாலு பக்கமும் வெட்டு, எட்டு ஓட்டை போடு, திருகு என்று கை சொன்னது. ஓட்டை போட அங்கே ட்ரில் கூட இல்லை. அரை மணி நேரத்தில் ஐந்து நிமிடத்தை, என் வாழ்க்கையிலேயே முதன்முறையாக, சும்மா உட்கார்ந்து செலவழித்தேன். உடைந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

அப்போதுதான் வெட்கம் வந்தது. பெட்டிக்கு வெளியே, அடியில் இருக்கும் ஷீட்டைத் தண்ணீரே கீழிருந்து மேலே தள்ளுகிறது. பெட்டியை அமுக்க அமுக்க, ஷீட் ட்யூப் வாஷரோடு ஒட்டிக்கொண்டுதான் போகும். முதல் வருடப் பாடம். தண்ணீரில் இறக்கும்வரை விழாமல் பிடித்தால் போதும், அதற்கு ஸ்க்ரூ எதற்கு? அந்த எட்டு ஓட்டைகளையும் நான் என் திருப்திக்குத்தான் போட்டேன். அதேபோல வெளியில் வைக்கிற ஷீட் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தால் என்ன குறைந்துவிடும்? பதிமூன்று அங்குல அகலத்தை நான் தொடவே வேண்டியதில்லை.

ஆனால் ஒரு பக்கத்தைத் தொட்டே ஆக வேண்டும். காலையில் நாக்கு விட்டு ஒடிந்ததே, அந்த நாக்குக்கு ஏற்ற பள்ளம் இந்தத் துண்டின் ஓரத்தில் இருந்தது. முழுசாக அப்படியே கட்டிவிடலாம், நேரம் மிச்சமாகும் என்று ஒரு யோசனை வந்தது. அந்தப் பள்ளத்தை விரலால் தடவிப் பார்த்தேன். கிழிந்த துணி எங்கிருந்து கிழியும் என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிளாஸ்டிக்கும் அப்படித்தான். சுத்தமான வெட்டு அழகுக்கு என்று ஐந்தாறு வருடமாக நினைத்திருந்தேன். அது பலத்துக்கு.

“ஒரே ஒரு வெட்டு” என்றேன். “பள்ளத்துக்கு நாலு அங்குலம் இந்தப் பக்கம்.”

நசீமா தலையாட்டினாள். “பதினஞ்சு தடவ.”

“பதினஞ்சு.”

படகின் குறுக்குப் பலகைதான் மேசை. காகிதத்தின் மேலேயே கோடு போட்டேன். ஸ்கேலின் ஒரு முனையை நசீமா முட்டியால் அமுக்கினாள். மறுமுனையைக் காசியம்மா உள்ளங்கையால். படகு ஆடியது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நடுவில், அது நிதானிக்கிற நொடியில், கட்டரை என் பக்கம் இழுத்தேன். கிரீச்.

“ஒண்ணு” என்றார் கஜா, பின்னாலிருந்து. பள்ளிக்கூட வாத்தியார் குரலில். “ரெண்டு. ஏன் மேடம், பதினஞ்சு முடியறதுக்குள்ள தண்ணி வத்தி, இன்ஜின் தானா நடந்து வந்துரும்.”

மூன்று. நாலு. ஆறாவது கீறலில் கை தானாக நின்றது. காலையில் நின்ற அதே இடம். போதும் போல இருந்தது. நன்றாகப் பள்ளம் விழுந்த மாதிரியே இருந்தது. நசீமா ஸ்கேலிலிருந்து முட்டியை எடுக்கவில்லை.

“ஏழு” என்றார் ஏழுமலை.

அவர் குரல் கேட்டதும் கஜாவின் குரல் மாறிவிட்டது. எட்டிலிருந்து அவர் கிண்டலை விட்டுவிட்டு ஒழுங்காக எண்ணினார். பத்திலிருந்து காசியம்மாவும் சேர்ந்துகொண்டார். பதினொன்றாவதில் கீறல் சத்தம் அடங்கி, கட்டர் தன் பள்ளத்தைத் தானே கண்டுபிடித்துப் போக ஆரம்பித்தது. உளுந்தம்பருப்பு நிறத்தில் சுருள் சுருளாகத் தூள் வந்தது. பதினைந்தை நாலு பேரும் ஒன்றாகச் சொன்னார்கள். வலை இழுக்கும்போது சொல்வது போல.

கீறிய கோட்டைப் பலகை விளிம்போடு சேர்த்து வைத்தேன். “கஜாண்ணே, இந்தப் பக்கத்தை அப்படியே அமுக்கிப் பிடிங்க. ஆடக் கூடாது.”

“ஆடுனா?”

“ஆடுனா உங்க மச்சான் மறுபடி உங்க படகுல வேலைக்கு ஏறுவார்.”

அவர் இரண்டு கையையும் ஊன்றி, இரும்பு மாதிரி உட்கார்ந்தார். நான் மறுபக்கத்தை ஒரே சீராகக் கீழே அமுக்கினேன்.

டக்.

இந்தச் சத்தத்தை நீங்கள் இனிமேல் ஆயிரம் தடவை கேட்பீர்கள். சுத்தமாக ஒடிந்தால் ஒரே சத்தம்தான் வரும், பின்னால் ஒட்டிக்கொண்டு இன்னொன்று வராது. நான் பார்க்காமலேயே தெரிந்துகொண்டேன். பார்த்தபோது விளிம்பு நூல் பிடித்த மாதிரி இருந்தது. கட்டரின் முதுகை வைத்து அந்த விளிம்பை நாலு இழுப்பு இழுத்து மழமழவென்று ஆக்கினேன். யாரும் சொல்லாமலே.

காகிதத்தை உரித்தோம். ஸ்க்ரூக்களைக் கழற்றி உடைந்ததை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தோம். ஏழுமலை வலை பொத்தும் நைலான் நூலை நாலு மூலையிலும் ஷீட்டின் குறுக்கே போட்டு, பெட்டியின் மேல் விளிம்போடு கட்டினார். அவருக்குக் கயிறு கட்டத் தெரியாது என்று சொன்ன கஜா, முடிச்சுகளை இழுத்துப் பார்த்துவிட்டு நகர்ந்துகொண்டார். பெட்டியை மெதுவாக இறக்கினோம். ஒரு சொட்டு உள்ளே வரவில்லை.

நான் மறுபடி படுத்துப் பார்த்தேன். மணல் வரிகள், சிப்பி, மணல். கோட்டின் மேல் மெதுவாக நகர்ந்தோம். மணல். இடது ஓரத்தில் தண்ணீர் லேசாகப் பழுப்பாக ஆரம்பித்திருந்தது. என் கண்ணுக்கு எல்லாமே ஒன்றாகத் தெரிந்தது. அன்றைக்கு நான் செய்த இரண்டாவது நல்ல காரியம் எது என்றால், பெட்டியை என்னிடமே வைத்துக்கொள்ளாமல் இருந்தது.

“காசிக்கா, நீங்க பாருங்க. கழியோட அடி எனக்கு இன்னா தெரியும்?”

கஜா வாயைத் திறந்தார். காசியம்மா ஒரு பார்வை பார்த்தார். மூடிக்கொண்டார்.

காசியம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு படுத்தார். முகத்தைப் பெட்டிக்குள் வைத்தார். இருபது வருடமாக அந்தத் தரையைக் காலாலும் கையாலும் தெரிந்து வைத்திருந்தவர், முதன்முறையாகக் கண்ணால் பார்க்கிறார். படகு அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. அப்புறம் பெட்டிக்குள்ளிருந்து, கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலக் குரல் வந்தது.

“நெறுத்து.”

கஜா துடுப்பை ஊன்றினார்.

“கீச்சான் மீனு கூட்டமா நிக்குது பாரு. மண்ணுல கீச்சான் சும்மா நிக்காது. இன்னாவோ கீது. கொஞ்சம் பின்னால வா. இன்னும். ஆங். இந்த மேடு இங்க கெடையாது. நேத்து வந்த மேடு இது.” மூச்சை இழுத்தார். “மேட்டு மேல ரெக்க மாதிரி ஒண்ணு நீட்டிகினு கீது. மூணு ரெக்க.”

இன்ஜின் விசிறி. ஏழுமலை எழுந்தார். அவருக்கு முன்னால் கஜா சட்டையைக் கழற்றிவிட்டார். “நீ கவுறப் புடி மச்சான்” என்று சொல்லிவிட்டுக் கயிற்று முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு குதித்தார். சேறு கிளம்பியது. பெட்டிக்குள் எல்லாம் கலங்கி மறைந்தது. ஆனால் இனிமேல் யாருக்கும் பார்க்கத் தேவையில்லை. மூன்று தடவை மேலே வந்து மூச்சு வாங்கினார். நாலாவது தடவை வந்தபோது கயிற்றை இரண்டு முறை இழுத்துக் காட்டினார்.

கஜாவும் மேலே ஏறிவர, ஐந்து பேரும் இழுத்தோம். நசீமாவின் துப்பட்டா படகுக் கொக்கியில் மாட்டிக் கிழிந்தது, அவள் கவனிக்கவே இல்லை. முதலில் சேறு வந்தது, பிறகு விசிறி, பிறகு சிவப்பு மூடி. படகு விளிம்பைத் தொட்டதும் ஏழுமலை அதை ஒரு கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். காற்றுப் பட்டால் துரு ஏறிவிடும் என்று மெக்கானிக் சொல்லியிருந்ததால், கரையில் நல்லதண்ணீர் டிரம் ஒன்றை அவர் காலையிலேயே நிரப்பி வைத்திருந்தார். கிடைக்கும் என்று யாரும் நம்பாத காலையில்.

அன்று இரவு நசீமாவிடம், “நீ ஏன் அந்தத் துண்டையும் கட்டரையும் எடுத்துட்டு வந்த?” என்று கேட்டேன்.

“உன்ன நம்பித்தான்” என்றாள். “ஆறு தடவ கீறினத நான் எண்ணினேனே.”

இதிலிருந்து என்ன தெரிந்துகொள்வது என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள், கேட்கிற வயசு உங்களுக்கு இல்லை. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். வேகம் தப்பில்லை. நான் வேகமாக வாயைத் திறந்திருக்காவிட்டால் அந்தப் பெட்டியே இல்லை. ஆனால் வேகத்தை ஆரம்பிப்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள். கட்டர் ஷீட்டைத் தொட்ட பிறகு அதற்கு வேலை இல்லை. எதை வெட்ட வேண்டாம் என்று முடிவு பண்ண ஐந்து நிமிடம் உட்கார்ந்தால், அந்த ஐந்து நிமிடம் வீணாகாது. கஷ்டப்பட்டுச் செய்த பொருள் கையை விட்டுப் போய், அதை இன்னொருத்தர் உங்களைவிட நன்றாகப் பயன்படுத்தினால் முகத்தைச் சுளிக்காதீர்கள். அதற்குத்தான் செய்தீர்கள்.

நாலு நாள் கழித்து, விடிகாலையில் கடப்பாக்கம் போனோம். மெக்கானிக் இரண்டு நாள் கழற்றிக் கழுவி, எண்ணெய் விட்டு, மறுபடி பூட்டியிருந்தார். ஏழுமலை படகைத் தண்ணீருக்குள் தள்ளி ஏறினார். கயிற்றைச் சுண்டி இழுத்தார். ஒன்றும் இல்லை. மறுபடி இழுத்தார். இருமியது. கஜா தன் படகை ஓட்டாமல் இடுப்பளவு தண்ணீரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது இழுப்பில் கறுப்பாக ஒரு புகை வந்தது. அதன் பின்னாலேயே அந்தச் சத்தமும் வந்தது, நிற்காமல்.

ஏழுமலை திரும்பிப் பார்க்கவில்லை. மணல்மேட்டைப் பார்த்துக்கொண்டே, அலை ஒன்று ஏறி இறங்குகிற நேரத்துக்குக் காத்திருந்து, ஒரே வீச்சில் தாண்டி வெளியே போனார்.

“பாத்தியா மேடம்” என்றார் கஜா, இடுப்பளவு தண்ணீரிலிருந்து. “எனுக்கு முன்னால போறான்.” அவர் முகத்தில் இருந்தது பொறாமை என்றால், அவ்வளவு சந்தோஷமான பொறாமையை நான் அதற்கப்புறம் பார்க்கவில்லை.

காசியம்மா அந்தச் சத்தம் தேய்ந்து காதில் விழாமல் போகும்வரை அசையாமல் நின்றார். பிறகு முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

“இன்னா நின்னுகினே கீறீங்க ரெண்டு பேரும்? வாங்க, வூட்ல நாஸ்தா ஆறிப் போவுது.”